‘சும்மா கிடந்த வீடு’: இசைப் படப்பதிவுகளும் இடத்தின் உரிமையும்

உயர்தர வகுப்பு முடிந்து எழும்புகிற நேரம் ஒரு மாணவன் கைபேசியை நீட்டினான். அவனுடைய தமையனும் கூட்டாளிமாரும் சேர்ந்து எடுத்த பாட்டு. ஒரு வயலின், ஒரு கிற்றார், ஒரு மிருதங்கம். கூரையில்லாத ஒரு வீட்டுக்குள் இருந்து வாசிக்கிறார்கள். சுவரெல்லாம் சன்னம் பட்ட துளை. நடுச்சாலையில் ஆலங்கன்று ஒன்று ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. பின்நேர வெயில் அந்தத் துளைகளுக்கூடாக வந்து வயலின்காரப் பெடியனின் தோளில் விழுகிறது. வாசிப்பும் குறைசொல்ல முடியாத வாசிப்பு.

“என்ன சேர், லொகேஷன் எப்பிடி?” என்றான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது மேற்குச் சுவரை. பச்சை வர்ணம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிற ஒரு மாடம் அதில் தெரிந்தது. குர்ஆன் வைக்கிற மாடம். அது சோனகத்தெருவில் எங்கள் மாமியின் வீடு.

“உந்த வீடு ஆற்றை எண்டு அவை கேட்டவையோ?” என்றேன்.

“இல்லை சேர். சும்மா கிடந்த வீடு.”

அவன் பொய் சொல்லவில்லை. அவன் பிறக்குமுன்பே அந்த வீடு அப்படித்தான் கிடந்தது. எனக்கு அவனில் கோபமும் வரவில்லை. ஆனால் ‘சும்மா கிடந்த’ என்ற அந்தச் சொல் வீடுவரைக்கும், திருநெல்வேலியில் நான் வாடகைக்கு இருக்கிற அறைவரைக்கும், கூடவே வந்தது. சங்கீதக்காரரையும் இளைய தலைமுறைப் பாட்டுக்காரரையும் மேடையிலிருந்து இறக்கி, கடற்கரையிலும் கோட்டையிலும் இடிபாட்டிலும் இருத்திப் படம்பிடிக்கிற ஒரு கலைவடிவம் இன்று பரவியிருக்கிறது. அதை விமர்சனக் கண்ணோடு பார்த்த எழுத்துகள் தமிழில் மிகச் சில. இந்தக் கட்டுரை அதற்கான சிறு முயற்சி.

முதற்பொருளும் கருப்பொருளும்

சினிமாப் பாட்டில் இடத்துக்குக் கனம் கிடையாது. பல்லவி ஊட்டியில், சரணம் சுவிற்சர்லாந்தில். வாயசைக்கிறவர் ஒருவர், பாடியவர் வேறொருவர். நான் பேசவந்த படப்பதிவுகள் அப்படியல்ல. பாடுகிறவரே அங்கே இருக்கிறார். முழுப் பாட்டும் ஒரே இடத்தில் நடக்கிறது. ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ நாமும் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே ‘ஏன் இந்த இடம்?’ என்ற கேள்விக்கு அந்தப் பதிவு பதில் சொல்லக் கடமைப்பட்டது.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மேல்நாட்டுத் திரைக்கோட்பாடு எதையும் கடன்வாங்கத் தேவையில்லை. வகுப்பில் நாங்கள் படிப்பிக்கிற அகப்பொருள் இலக்கணமே போதும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் பிறந்து அதோடு ஒட்டி வாழ்பவை கருப்பொருள். தொல்காப்பியர் கருப்பொருளைச் சொல்லும்போதே பறையையும் யாழையும் சேர்த்துவிடுகிறார். பின்னால் வந்த நாற்கவிராச நம்பி அதை 14 ஆக விரிக்கிறார். அந்தப் பதினான்கில் பறை, யாழ், பண் மூன்றும் உண்டு. ஊரும் நீரும் தொழிலும் உயர்ந்தோரும் அல்லோரும் உண்டு. நெய்தலுக்கு விளரியாழும் செவ்வழிப் பண்ணும், பாலைக்குப் பஞ்சுரம் என்று மாணவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். அதன் உட்பொருள் பெரிது. இசை ஒரு நிலத்தின் விளைச்சல். மீனும் உப்பும் போல. அந்த நிலத்து மனிதரும் தண்ணீரும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

இதிலிருந்து நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். நிலம் யாருடையது? பொழுது எது? இடத்தின் ஒலி காதில் விழுகிறதா? அந்த இடத்து ஆட்கள் சட்டத்துக்குள் இருக்கிறார்களா, வெளியிலா?

காற்றும் கைவிரலும்

இந்திய சாஸ்திரியக் கலையில் இந்த முறைக்கு மூத்த உதாரணங்களில் ஒன்று சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ என்ற ஆவணப்படம். பாலசரஸ்வதிக்கு அப்போது வயது 58. ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்ற கன்னடப் பதத்துக்கு அவர் கடற்கரையில் நின்று அபிநயம் பிடிக்கிறார். பின்னால் அலை. கடற்காற்று சேலையைப் பிடித்து இழுத்தபடியே இருக்கிறது.

இந்தக் காட்சியைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு மனமாகவே இருக்கிறேன். பாலசரஸ்வதியின் கலை மிகச் சிறிய அசைவுகளின் கலை. புருவம் ஒரு நெல்லளவு உயர்ந்தால் அதற்கு ஓர் அர்த்தம். சுண்டுவிரல் மடங்கினால் இன்னொரு அர்த்தம். காற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விரலையும் முந்தானையையும் அது ஒரே மாதிரித்தான் அசைக்கிறது. சபையில் விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பல நுட்பங்கள் அங்கே வெயிலிலும் காற்றிலும் கரைந்துபோகின்றன. அதேவேளை, முதுமையை எட்டும் ஒரு பெண் அவ்வளவு காற்றுக்கும் நடுவில் தன் குழந்தையை வாவென்று கூப்பிடுகிற பிடிவாதம் அந்த வெளியில்தான் தெரிகிறது. சபையில் அது தெரிந்திருக்காது.

கடல் அங்கே கதையோடு ஒட்டாத கடல் என்பதையும் சொல்லவேண்டும். பதத்தில் வருவது கண்ணனும் யசோதையும். ராய்க்கு அழகும் விரிவும் தேவைப்பட்டிருக்கிறது; கடல் கிடைத்திருக்கிறது. மேதை ஒருவரின் படத்தில்கூட இடம் ஓர் அலங்காரமாக நின்றுவிடலாம் என்பதற்காகவே இதை முதலில் எடுத்தேன்.

வெறுமையின் அழகு

மேற்கில் இதற்கு ஐந்து வருஷம் முன்பே ஒரு முன்மாதிரி வந்துவிட்டது. பிங்க் ஃப்ளொயிட் என்ற ஆங்கிலேய றொக் குழு 1971 ஒக்ரோபரில் இத்தாலியின் பொம்பேயிக்குப் போனது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன நகரம் அது. அங்கேயுள்ள உரோமர் காலத்து வட்ட அரங்கில், பார்வையாளர் ஒருவரும் இல்லாமல், அவர்கள் வாசித்ததை ஏட்ரியன் மேபன் படமாக்கினார். ஆயிரக்கணக்கானோர் இருந்து பார்த்த கல்படிகளில் ஒரு மனிதரும் இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டிகளும் நாலு வாத்தியக்காரரும் வெயிலும் மட்டும்.

இன்று உலகமெங்கும் கோட்டையிலும் பாலைவனத்திலும் பனிமலையிலும் எடுக்கிற இசைப் பதிவுகளுக்குப் பின்னால் இந்த வெறுமையின் அழகு இருக்கிறது. நம்முடைய பெடியன்கள் பொம்பேயிப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் பேரப்பிள்ளைகளை யூடியூப்பில் தினமும் பார்க்கிறார்கள். ஆளில்லாத இடம், உடைந்த சுவர், தனியாக ஒரு வாத்தியம். யாழ்ப்பாணக் கோட்டையும் மணற்காட்டில் மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலும் இதற்கு வாய்ப்பாகக் கிடைத்துவிட்டன.

பொம்பேயியில் இதற்கு யாரும் ஆட்சேபம் சொல்ல முடியாது. அந்த வீட்டுக்காரர்கள் இறந்து 1,900 வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சோனகத்தெருவில் அப்படியில்லை. வீட்டுக்காரர் புத்தளத்தில் உயிரோடு இருக்கிறார். வலிகாமம் வடக்கிலும் அப்படித்தான். கூரை இழந்த வீடுகளின் உறுதிப் பத்திரங்களைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சகோதரர்கள் எத்தனையோ வருஷம் முகாம்களில் கிடந்தார்கள். நம் நாட்டில் இடிபாடு என்பது தொல்பொருள் அல்ல. வழக்கு முடியாத காணி அது.

ட்ரோன் கமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலேயிருந்து எடுக்காத இசைப் பதிவே இப்போது இல்லை. பாட்டு காதுமட்டத்தில் நடக்கிற காரியம். நூறு அடி உயரத்திலிருந்து யாரும் பாட்டுக் கேட்பதில்லை. வன்னியில் யுத்தகாலத்தில் இருந்தவர்கள் வேவு விமானத்தை ‘வண்டு’ என்றார்கள். தலைக்கு மேல் வண்டு இரைந்தால் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். அந்த இரைச்சலை அழித்துவிட்டு மேலே இசையைப் போடுகிறபோது, இந்த மண்ணில் என்ன செய்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

அலை வந்த கரையில்

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் ‘லயா புரொஜெக்ட்’. சென்னையிலிருந்த ஏர்த்சிங்க் என்ற இசை நிறுவனம் 2007இல் வெளியிட்ட படமும் இசைத்தொகுப்பும். இயக்கியவர் ஹரோல்ட் மொன்ஃபில்ஸ். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமி தாக்கிய இந்தியா, இலங்கை, மாலைதீவு, இந்தோனேசியா, தாய்லாந்து, மியன்மார் ஆகிய ஆறு நாடுகளின் கரையோர மக்களை அவர்களுடைய இடங்களிலேயே பாடவைத்து, வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். படத்தில் வர்ணனைக் குரலே கிடையாது.

அந்தப் படத்தில் நாகூர் தர்காப் பாடகர்கள் வருகிறார்கள். அப்துல் கனி, அஜா மைதீன், சபுர்மைதீன் பாபா சபீர் என்ற அந்த மூவரின் குரலை நாகூர் ஹனீபாவின் குரலோடு ஒப்பிடக்கூடாது. ஹனீபாவுடையது மாநாட்டுப் பந்தலை நிறைக்கிற வெண்கலக் குரல். இவர்களுடையது தர்கா வாசலில் இருந்து பாடிப் பழகிய, கொஞ்சம் கரகரத்த, ஒருவர் மூச்சு விடுகிற இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்கிற குரல். இலங்கை வாசகருக்கு நாகூர் தூரத்து ஊரல்ல. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் வருஷாவருஷம் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் பேரில் கொடியேறுகிறது. அந்தக் கரையையும் நாகூர்க் கரையையும் ஒரே நாளில் ஒரே அலை அடித்தது. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள்.

என் நான்கு கேள்விகளை இந்தப் படத்துக்குப் போட்டுப் பார்க்கிறேன். நிலம் பாடுகிறவர்களுடையது. ஆட்களும் இருக்கிறார்கள், அழுது காட்டும்படி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அவலத்தைப் படம்பிடிக்க எல்லோரும் ஓடிவந்த காலத்தில், இந்த மக்களுக்குக் கலையும் உண்டு என்று காட்டியது பெரிய காரியம். வர்ணனைக் குரல் இல்லாதது ஒரு மரியாதை.

ஒலியில்தான் எனக்குத் தடங்கல். இடத்தில் பதிந்த குரலைக் கலையகத்துக்குக் கொண்டுபோய், அதற்கு மேலே வேறு வாத்தியங்களையும் இயந்திரத் தாளத்தையும் அடுக்கியிருக்கிறார்கள். ஒரு நாட்டுக் குரலுக்கு இன்னொரு நாட்டு வாத்தியம் துணை வருகிறது. கேட்க இனிமைதான். ஆனால் மூவரில் ஒருவர் மூச்சுக்காக விடுகிற அந்த இடைவெளி இருக்கிறதே, தர்காவின் சத்தம் உள்ளே வரவேண்டிய இடைவெளி, அது நிரப்பப்பட்டுவிடுகிறது. கண்ணுக்குக் கரையைக் காட்டிவிட்டுக் காதுக்குக் கலையகத்தைத் தருகிறார்கள். இப்படி வந்த இசை ‘சூபி இசை’ என்ற பெயர்ச்சீட்டோடு உலகச் சந்தைக்குப் போகும்போது, பாடியது தமிழ் என்பதும், கிஸ்ஸாவும் நாமாவும் முனாஜாத்தும் விளைந்த ஓர் இலக்கிய மரபு அதற்குப் பின்னால் இருக்கிறது என்பதும் கேட்பவருக்குத் தெரிய வழியில்லை. வர்ணனை இல்லாத மரியாதைக்கு நாம் கொடுக்கிற விலை அது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்கத்தக்கவர் பிரெஞ்சுக்காரரான வின்சென்ட் மூன். 2006இலிருந்து பாரிஸ் தெருக்களில் இளம் பாடகர்களை நடக்கவிட்டுப் பாடவைத்து, கையில் பிடித்த ஒரே கமராவால் பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் எடுத்தார். பின்பு ஊரூராகப் போய்ச் சடங்கிசைகளைப் பதிந்தார். செச்னியாவில் திக்ர் மஜ்லிஸையும் பதிந்தார். அவருடைய பதிவுகளில் வாகனம் ஹோர்ன் அடிக்கும், ஆள் இருமும், கதவு சாத்தும். அவற்றை அவர் துடைப்பதில்லை. இடம் தானும் ஒரு வாத்தியமாகச் சேர்ந்துகொள்கிறது.

சாம்பல் மேட்டில் ஆனந்தபைரவி

தமிழில் இந்த வடிவத்தின் உச்சமாக நான் கருதுவது 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’. எழுதியவர் கபேர் வாசுகி, சென்னையின் இளைய தலைமுறைப் பாட்டுக்காரர். இசையமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், கர்நாடக சங்கீத வித்துவான். பாடியவர் டி.எம். கிருஷ்ணா. இயக்கம் ரதீந்திரன் பிரசாத். எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பின்னால் நிற்க, நிலக்கரிச் சாம்பல் படிந்த நிலத்தில் கச்சேரி நடக்கிறது.

புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல். வரிக்கணக்குக்குப் புறம்பான பொது நிலம்: ஏரி, மேய்ச்சல் தரை, கழிமுகம், சுடலை. அந்தச் சொல் காலப்போக்கில் மனிதரை ஏசுகிற சொல்லாகிவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாதது என்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம், குப்பை கொட்டலாம் என்று அர்த்தமாகிப் போயிற்று. பாட்டு அந்த அர்த்தத்தைத் திருப்பிப்போடுகிறது. எல்லோருக்கும் உரியது என்ற பழைய பொருளுக்கு அதைக் கொண்டுபோகிறது. என் மாணவன் சொன்ன ‘சும்மா கிடந்த’ என்ற சொல்லுக்கும் இந்தப் ‘புறம்போக்கு’ என்ற ஏச்சுக்கும் உள்ள உறவை வாசகர் கவனிக்க வேண்டும்.

மொழி, சென்னைத் தெருமொழி. அதை ஆனந்தபைரவி, பேகடை, தேவகாந்தாரி, சிந்துபைரவி என்று ராகமாலிகையாகப் பாடுகிறார். சபைகளில் பக்தியோடு கேட்டுப் பழகிய ராகங்கள் அவை. அங்கே சாம்பலுக்கு நடுவில் கேட்கும்போது ராகத்துக்கும் ஒரு கேள்வி வருகிறது: இவ்வளவு காலமும் நீ எங்கே இருந்தாய்? இடத்தை எடுத்துவிட்டு இந்தப் பாட்டைக் கேட்டால் பாதிதான் மிஞ்சும். ராயின் கடலை மாற்றலாம், பொம்பேயி அரங்கையும் மாற்றலாம். எண்ணூரை மாற்ற முடியாது. முதற்பொருளும் உரிப்பொருளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

குறையும் உண்டு. புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிறது. காற்று வீசுவதும் தெரிகிறது. ஒலியோ கலையகத் துப்புரவோடு வருகிறது. ஆலையின் இரைச்சலும் கழியின் காற்றும் சுருதிக்கு எதிராக மோதியிருந்தால் பாட்டு கரடாகியிருக்கும். அந்தக் கரடு இந்தப் பாட்டுக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கும். இன்னொன்று: கழியில் வலை வீசுகிற மனிதரை நாம் பார்க்கிறோம், அவர் குரலைக் கேட்பதில்லை. அவருக்காக ஒருவர் பாடுகிறார். நல்ல எண்ணத்தோடுதான். ஆனாலும் நம்பியின் பதினான்கில் அந்த நிலத்துக்கென்று தனிப் பண்ணும் பறையும் உண்டு என்பது ஞாபகம் வருகிறது. இதைச் சொல்வதால் அந்தப் பதிவின் பெறுமதி குறையாது. 2018 ஓகஸ்டில் அச்சுறுத்தல்களுக்கு மத்தியில், மாதம் ஒன்றாக இயேசுவையும் அல்லாஹ்வையும் பற்றிய கர்நாடகப் பாடல்களை வெளியிடுவேன் என்று அறிவித்த பாடகர் அவர். அந்தத் துணிவுக்கு நாம் கடன்பட்டவர்கள். கடன்பட்டவர்களும் விமர்சிக்கலாம்.

நம்முடைய பதிவுகள்

மற்றவர் எடுத்ததை இவ்வளவு நேரம் சொன்னேன். நாம் எடுத்தவை என்ன?

இசை ஆகுமா ஆகாதா என்ற பஹஸை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். வாசகர்களுக்குள்ளும் பல கருத்து உண்டு. ஆனால் தஃபும் பைத்தும் ராத்திபும் களிகம்பும் நம்மிடம் இருந்தன, பல ஊர்களில் இன்னும் இருக்கின்றன என்பது வரலாறு. அவற்றைப் பதிவதும் பதியாமல் விடுவதும் மார்க்கத் தீர்ப்புக்கு முந்திய ஒரு கேள்வி: நாம் யார் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டுமா?

பாவாமாரின் ரிபாய் ராத்திபை வெளியார் எடுத்த படங்களில் கமரா எங்கே போகிறது என்று பாருங்கள். ஜெய்லானியில் எடுத்தாலும் கிழக்கில் எடுத்தாலும் ஊசி தோலில் ஏறுகிற இடத்துக்குத்தான் போகிறது. ரபானின் நடை மாறுவதும், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சொல்லுகிற பைத்தின் வரிசையும் பின்னணிச் சத்தமாகிவிடுகின்றன. கத்தி முன்னுக்கு வருகிறது, கவிதை பின்னுக்குப் போகிறது. அந்த ஊர் ஜனங்கள் வேடிக்கை பார்க்கிற கூட்டமாகத் தெரிகிறார்கள். உண்மையில் அவர்கள் நேர்ச்சை வைத்தவர்கள்.

நம் இளைஞர்களின் நஷீத் பதிவுகள் இன்னொரு வகை. குரல் வளம் நிறைய உண்டு. ஆனால் படத்தில் வருவது எந்த ஊர்? கடற்கரை மணலைப் பாலைவனம் மாதிரித் தெரியும்படி எடுக்கிறார்கள். மெதுவாக நடந்து வருகிறார்கள். மென்பொருளில் எதிரொலியைக் கூட்டி, இஸ்தான்புல்லில் பெரிய குப்பாவுக்குக் கீழே நின்று பாடுவதுபோலச் செய்கிறார்கள். நம் பள்ளிகளுக்கென்று ஓர் ஒலி இருக்கிறது. ஓட்டுக்கூரையும் மரத்தூணும் உள்ள பழைய பள்ளியில் குரல் சீக்கிரம் அடங்கும். ஹவுளில் தண்ணீர் அள்ளுகிற சத்தமும் காகமும் கூட வரும். அந்த ஒலியை அழித்துவிட்டு, நாம் ஒருநாளும் நிற்காத இடத்தின் ஒலியை ஒட்டவைக்கிறோம். வெளியார் நம்மை வேடிக்கைப்பொருளாக எடுக்கிறார்கள் என்று குறைப்படுகிற நாமே, நம்மை வேறொரு நாட்டுக்காரராக எடுத்துக்கொள்கிறோம்.

மீலாது மாதம் முழுவதும் பாடிய குரல்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. இந்த மண்ணில் பிறந்த பதுறுத்தீன் புலவர் முகியித்தீன் புராணம் பாடினார். அசனாலெப்பைப் புலவர் நவரத்தினத் திருப்புகழும் புகழ்ப்பாவணியும் பாடினார். ஓதிப் பார்த்தால் தெரியும், அவை ஏட்டில் கிடப்பதற்காகச் செய்யப்பட்டவையல்ல. சந்தம் வாயில் உருள்வதற்காகச் செய்யப்பட்டவை. எங்கள் உம்மம்மாவுக்குச் சில அடிகள் இராகத்தோடு தெரியும். அவ புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் மௌத்தானா. யாரும் பதியவில்லை. நான்கூட, தமிழ் சிறப்புப் பட்டம் படித்த நான்கூட, பதியவில்லை.

மாமியின் கேள்வி

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி எனக்கு ஆண்டு ஐந்து வயது. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்; எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த ஒலிபெருக்கிதான் சோனகத்தெருவில் நான் கடைசியாகக் கேட்ட சத்தம். ஆகவே அந்தத் தெருவில் ஒரு வயலின் ஒலிக்கிறது என்றால், அடிமனதில் எனக்கு அது சந்தோஷம்தான். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இவ்வளவு காலம் காட்டுப்பூனையும் பாம்பும் குடியிருந்த நடுச்சாலைக்குள் ஒரு பெடியன் செருப்பைக் கழற்றிவிட்டு இருந்து வாசிக்கிறான். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். செருப்பைக் கழற்றித்தான் வைத்திருக்கிறான்.

பிறகு அந்தப் பதிவை மாமிக்கு அனுப்பினேன். புத்தளத்தில் மகளின் வீட்டில் இருக்கிறா, கண் கொஞ்சம் மங்கல். இரவு எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. அழுவாவோ ஏசுவாவோ என்று பயந்தபடி எடுத்தேன்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு மவன்,” என்றா. “கிணத்தைக் காட்டயில்லையே. தண்ணி கிடக்கா எண்டு கேட்டியா?”

நம்பியகப்பொருள்காரர் கருப்பொருளில் நீரையும் வைத்தார். மருதத்துக்கு மனைக்கிணறு, நெய்தலுக்கு மணற்கிணறு என்று வகுத்தும் சொன்னார்கள். அதை நான் இருபது வருஷமாகப் படிப்பிக்கிறேன். அந்தப் பதிவைப் பத்துத்தரம் பார்த்தும் கிணறு எனக்குத் தோன்றவில்லை. எனக்குச் சுவர்தான் தெரிந்தது, மாடம்தான் தெரிந்தது. பெடியன்களைப் போலவே நானும் இடிபாட்டைத்தான் பார்த்திருக்கிறேன். மாமி பார்த்தது குடியிருக்கிற வீட்டை.

அடுத்த நாள் மாணவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று. “சேர், நாங்கள் வேணுமெண்டு செய்யேல்லை” என்றான். தெரியும் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தமையனும் அவனும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். மூவரும் சோனகத்தெருவுக்குப் போனோம். வீட்டின் பின்பக்கம் முழுக்க நாயுண்ணிப் பற்றை. கத்தியால் வெட்டி வழி எடுக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. கிணற்றுக்கட்டு ஒரு பக்கம் இடிந்திருந்தது. தமையன்காரன் ஒரு கல்லை எடுத்துப் போட்டான். சத்தம் வந்தது. தண்ணீர் இருந்தது.

அந்தச் சத்தத்தையும் அவன் கைபேசியில் பதிந்துகொண்டான். பாட்டின் தொடக்கத்தில் அதைச் சேர்த்து, வீட்டுக்காரரின் பெயரையும் போட்டுத் திருப்பி ஏற்றலாமா என்று கேட்டான். மாமியிடம் கேட்கச் சொன்னேன். கேட்டான். மாமி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறா: முதலில் கிணற்றை இறைக்க வேண்டும், அதற்குப் பிறகு எதையும் எடுக்கலாம்.

இந்த வருஷம் ரபீஉல் அவ்வல் மாதத்தில், அசனாலெப்பைப் புலவரின் அடிகள் இன்னும் வாயில் இருக்கிற முதியவர்கள் இரண்டு மூன்று பேரைப் பழைய பள்ளி முற்றத்தில் இருத்திப் பதியலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கமரா அந்தப் பெடியன்களுடையது. எதிரொலி கூட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேறு ஊர்களிலும் ஆசிரியர்கள் இதைச் செய்யலாம். ஒரு கைபேசியும் காற்றுத் தடுப்பு மாட்டிய ஒரு சின்ன மைக்கும் போதும். பாடுகிறவரின் பெயரையும் இடத்தின் பெயரையும் மறக்காமல் எழுதிப்போடுங்கள். கிணறு இறைக்கிற வேலை அடுத்த விடுமுறையில், இன்ஷா அல்லாஹ்.